கார்புரேட்டர் ஜிப்ஸியில் எம்பிஎஃப்ஐ என்ஜின்: சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, மலை ஏறினால் நின்றுவிடுகிறது

ஆழியாறு_ஜிப்ஸி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வண்டி 1998 ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப். கம்பெனியிலிருந்து வந்தது கார்புரேட்டர் வைத்த ஜி13பிஏ என்ஜின், 8 வால்வு, 60 குதிரைசக்தி. அது ஆயில் குடித்து, புகை தள்ளி, போர் வேலைக்கு (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) போகும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தச் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) என்ஜினே வைத்துவிடலாமே என்று தோன்றியது. கோவை உக்கடத்தில் உடைத்த ஒரு 2000க்குப் பிந்தைய ஜிப்ஸியிலிருந்து ஜி13பிபி என்ஜின், அதே வண்டியின் கியர்பாக்ஸ், ஈசிஎம் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), வயரிங் ஹார்னஸ், திராட்டில் பாடி, ஆக்சிஜன் சென்சார் மாட்டும் முன் சைலன்சர் பைப் எல்லாம் சேர்த்து வாங்கினோம். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால் அதைத் தொடவே இல்லை. மாமா தோட்டத்து ஷெட்டில் செயின் பிளாக் போட்டு நாங்களே இறக்கி ஏற்றினோம். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல், கிளட்ச் செட் எல்லாம் புதிது. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் 170லிருந்து 180 பிஎஸ்ஐக்குள் வருகிறது, அதனால் என்ஜினில் குறை இல்லை என்று நினைக்கிறேன்.

வயரிங் மட்டும் ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். டேங்க் பழைய கார்புரேட்டர் டேங்கேதான். பம்புக்குக் கடையில் கிடைத்த வெளியில் மாட்டும் எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை, முன்பு பெட்ரோல் பில்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், என்ஜின் பக்கமாக மாட்டியிருக்கிறோம்.

இப்போது தொந்தரவு. காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது, வெறுத்துப்போய் சாவியை விடும் நொடியில் டபக்கென்று பிடித்துக்கொள்ளும். சில நாள் அப்படியும் பிடிக்காது. பிடித்த பிறகு ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1500, 1700 சுற்று என்று நிற்கிறது, இறங்கவே இல்லை. டெம்பரேச்சர் முள் அடியிலேயே படுத்திருக்கிறது, ஒரு கோடு கூட ஏறவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் வண்டி பறக்கிறது, பழைய என்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை மலை ஏறினால் மூன்றாவது நான்காவது கொண்டை ஊசியிலேயே மிஸ்ஸிங் (என்ஜின் விட்டு விட்டுத் திணறுவது) அடிக்க ஆரம்பிக்கிறது, 9வது வளைவு வியூ பாயிண்ட் வருவதற்குள் நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரம் கட்டிப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நாலு வளைவு. டேங்கில் பாதிக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம்.

பிளக் புதிது, பில்டர் புதிது, காயில் மாற்றிப் பார்த்தாயிற்று. ஈசிஎம் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பழையது ஒன்றுக்கு ஒன்பதாயிரம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

காட்டுப்பாதை:

வாங்காதீர்கள். ஈசிஎம் போன வண்டி பொள்ளாச்சி ரோட்டில் பறக்காது. ஈசிஎம் என்பது நம் ஊரில் கண்டுபிடிக்க முடியாத எல்லா நோய்க்கும் வைக்கிற பெயர்.

இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா? எலக்ட்ரீஷியன் ஈசிஎம்முக்கு இக்னிஷன் கரண்ட் எந்த வயரிலிருந்து எடுத்தார்?

மலைநாட்டான்:

உயரம் போகப் போகக் காற்று குறையும் அல்லவா, அதனால் இருக்கும். ஊட்டி போகும்போது எங்கள் பழைய வேனும் இப்படித்தான் மூச்சு வாங்கும்.

காட்டுப்பாதை:

மூன்றாவது வளைவுக்குள் காற்று குறைய இது இமயமலையா சார். உங்கள் வேன் கார்புரேட்டர் வேனாக இருக்கும், அதற்கு அந்தப் பேச்சு பொருந்தும். எம்பிஎஃப்ஐயில் மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் இருக்கிறது, காற்று குறைந்தால் பெட்ரோலையும் அதுவே குறைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் நின்றால் சரியாகிறது என்கிறார், நிற்பதால் உயரம் குறைந்துவிடுமா?

ஆழியாறு_ஜிப்ஸி:

பம்ப் டேங்கின் அடியை விட மேலேதான் இருக்கிறது, அரை அடிக்கு மேலே இருக்கும். இக்னிஷன் வயர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டேன், “சாவி போட்டால் கரண்ட் வருகிற வயர்தான் தம்பி” என்று சொல்லிவிட்டார்.

மீட்டர்_கையில்:

தம்பி, அந்தப் பதிலிலேயே உங்கள் முதல் தொந்தரவு இருக்கிறது. சாவி போட்டால் கரண்ட் வருகிற வயர் ஒன்றல்ல. ஒரு வகை சாவியை ஆன் நிலையில் வைத்தாலும் வரும், செல்ஃப் அடிக்கும்போதும் வரும், அதுதான் உண்மையான இக்னிஷன் லைன். இன்னொரு வகை ஆனில் வரும், ஆனால் செல்ஃப் அடிக்கிற அந்த நேரம் மட்டும் அணைந்துவிடும், செல்ஃப் மோட்டாருக்கு பேட்டரியின் முழு பலமும் கிடைக்கட்டும் என்பதற்காக. ரேடியோ, வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் இதில்தான் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பாட்டு நின்று மறுபடி வருகிறதே, அந்த லைன். உங்கள் ஈசிஎம்மோ இன்ஜெக்டரோ காயிலோ இதில் மாட்டியிருந்தால், செல்ஃப் சுற்றும் வரை ஸ்பார்க்கும் பெட்ரோலும் இல்லை, சாவியை விட்டதும் கரண்ட் திரும்பி வருகிறது, என்ஜின் இன்னும் ஒரு அரைச் சுற்று சுற்றிக்கொண்டிருப்பதால் அதிர்ஷ்டம் இருந்தால் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் எழுதியதோடு வரி வரியாக ஒத்துப்போகிறது.

சோதிக்க ஸ்கேனர் எல்லாம் வேண்டாம். பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் போட்டு, ஒன்றை எர்த்தில், ஒன்றை ஈசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேக்கு வருகிற இக்னிஷன் வயரில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். பல்பு கொஞ்சம் மங்கலாம், அணையக் கூடாது. அணைந்தால் முடிந்தது கதை, சாவி சுவிட்சின் பின்னாலிருக்கும் கப்ளரில் இரண்டு நிலையிலும் உயிரோடு இருக்கும் வயரைத் தேடி அதற்கு மாற்றுங்கள்.

அப்புறம், பழைய காயிலின் பாசிட்டிவ் வயரைத்தான் இழுத்திருக்கிறார் என்றால் அதையும் பாருங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் சிலவற்றில் காயிலுக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், காயில் சூடாகாமல் இருப்பதற்கு. அந்த ரெசிஸ்டருக்கு அப்புறம் கரண்ட் எடுத்தால் ஈசிஎம்முக்கு முழு 12 வோல்ட் போகாது, லோடு ஏறினால் இன்னும் இறங்கும்.

இரண்டாவது எர்த். என்ஜினை இறக்கி ஏற்றிய எந்த வண்டியிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயே, கிளாம்பில் அல்ல, இன்னொரு முனை என்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் சரியில்லை, புதிதாக ஒரு தடித்த கேபிள் போடுங்கள். அதேபோல ஈசிஎம் எர்த் வயர்கள் என்ஜினில் போல்ட் போட்ட இடத்தில் பெயின்ட், துரு, ஆயில் இல்லாமல் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். பாடியில் எங்கேயோ ஒரு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் சொருகிவிட்டுப் போயிருந்தால் அதைப் பிடுங்கி எறியுங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் சென்சார்கள் சொல்வது எதுவும் உண்மையாக இருக்காது, அதை நம்பி ஈசிஎம் எடுக்கும் முடிவும் தப்பாகத்தான் இருக்கும்.

பழைய_பட்டறை:

மீட்டர் அண்ணன் சொன்னது ஸ்டார்டிங் தொந்தரவுக்கு. மலையில் நிற்பது வேறு கதை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வருஷம் முழுக்கப் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

வெளியில் மாட்டும் ஹை பிரஷர் பம்ப் பெட்ரோலைத் தள்ளுவதற்குப் பிறந்தது, உறிஞ்சுவதற்கு அல்ல. டேங்குக்குக் கீழே, டேங்குக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்ரோல் தானாக இறங்கி வந்து நிற்கும், அது தள்ளிவிடும். நீங்கள் மேலே, அதுவும் என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். உறிஞ்சும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், பம்புக்குள் போவது பாதி ஆவி. பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் தானும் சூடாகிறது. சமதள ரோட்டில் முன்னால் காற்று அடிக்கிறது, என்ஜின் கேட்கும் பெட்ரோலும் குறைவு, தப்பித்துவிடுகிறது. மலையில் முதல் கியர் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது பேனட்டுக்குள் அடுப்பு, என்ஜின் கேட்பதும் அதிகம். கால் மணி நேரம் நிறுத்தினால் ஆறி, ஆவி மறுபடி திரவமாகி, வண்டி பிடிக்கிறது.

இதோடு டேங்க். கார்புரேட்டருக்கு ஒரு கிண்ணம் இருக்கிறது. ஃப்ளோட் சேம்பரில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பதால் டேங்கில் பைப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் அந்தக் காலத்து டேங்கில் தடுப்புக்கு அவ்வளவு அக்கறை எடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணம் கிடையாது, ஒரு நொடி காற்று வந்தால் ஒரு நொடி மிஸ்ஸிங். பாதிக்குக் கீழே பெட்ரோல், வண்டி மேல்நோக்கிச் சாய்ந்து, கொண்டை ஊசியில் பக்கவாட்டிலும் சாய்கிறது. சாய்த்து வைத்த குடத்தில் சொம்பு விட்டு அடித் தண்ணீரை மொள்ளுகிற கதைதான், உள்ளே தண்ணீர் இருக்கும், சொம்பில் வராது. எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பம்பை டேங்குக்குள்ளேயே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே இருந்தால் உறிஞ்ச வேண்டியதில்லை, பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கவும் செய்யும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கேஜ் போட்டுப் பாருங்கள். பில்டருக்கு அப்புறம் ஒரு டீ (மூன்று வழி ஜாயின்ட்) போட்டு, பிரஷர் கேஜ் மாட்டி, ஹை பிரஷர் ஹோஸில் நீட்டி வைப்பர் பக்கம் கண்ணாடிக்கு வெளியே கட்டிவிடுங்கள், உள்ளே கொண்டுவரவே கூடாது. சாவி ஆன் செய்ததும் 2.5லிருந்து 3 பாருக்குள் வர வேண்டும். ஐடிலிங்கில் பிரஷர் ரெகுலேட்டருக்கு என்ஜின் இழுக்கும் வேக்குவம் கிடைப்பதால் அதிலிருந்து கொஞ்சம் இறங்கும், அது சரி. மலையில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது வேக்குவம் குறையும், அதனால் பிரஷர் ஏற வேண்டும். அங்கே ஏறாமல் கேஜ் ஆடி ஆடி இறங்கினால் பம்புக்குப் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். கேஜ் 3 பாரில் ஆணி அடித்தது போல் நிற்க, வண்டி மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் நான் சொன்னது தப்பு, அப்போது ஸ்பார்க் பக்கம் போகலாம்.

ஒன்று கோபமாகவே சொல்கிறேன். கார்புரேட்டர் லைனில் அழுத்தம் 0.3 பார் கூட வராது. அதே பழைய ஹோஸ், அதே ஸ்பிரிங் கிளிப்பில் 3 பார் ஓட்டுகிறீர்களா? உடனே மாற்றுங்கள். எம்பிஎஃப்ஐக்கான ஹோஸ், ஸ்க்ரூ வைத்த கிளாம்ப். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் இன்னும் சீக்கிரம் வெடித்துப்போகும். கீழே முன் சைலன்சர் பைப் சிவக்கச் சிவக்க இருக்கிறது, மேலே ஒரு துளி தெறித்தால் போதும்.

காட்டுப்பாதை:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று. பம்புக்குக் கரண்ட் எங்கிருந்து? சாவி ஆன் செய்தால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறதா, இல்லை இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கிறதா? ஈசிஎம் ரிலே வழியாகப் போனால் இரண்டு மூன்று நொடி ஓடி நின்று, செல்ஃப் அடித்ததும் மறுபடி ஓடும். என்ஜின் நின்றால் தானும் நிற்கும். நேராக சாவியில் மாட்டியிருந்தால் வண்டி கவிழ்ந்து ஹோஸ் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

கொங்கு_வயர்:

யாரும் டெம்பரேச்சர் முள்ளைப் பற்றிப் பேசவில்லையே, எனக்கு அதுதான் ருசியாக இருக்கிறது. ஐடிலிங் 1700, முள் படுத்திருக்கிறது. இது இரண்டு தொந்தரவு அல்ல, ஒன்றுதான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

எம்பிஎஃப்ஐ என்ஜினில் கூலன்ட் சூட்டைப் பார்க்க இரண்டு ஆட்கள். ஒற்றை வயர் போகிறது டேஷ்போர்டு முள்ளுக்கு. இரண்டு வயர் கப்ளர் போகிறது ஈசிஎம்முக்கு. முள்ளுக்கான ஒற்றை வயர் சென்சார் உங்கள் என்ஜினில் உடைந்திருக்கலாம், இல்லை அது வராமலே போயிருக்கலாம், அதனால் எலக்ட்ரீஷியன் பழைய வண்டியின் முள் வயரை ஈசிஎம் சென்சார் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார். ஈசிஎம் அந்த வயரில் 5 வோல்ட் கொடுத்து அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடுகிறது. வோல்ட் அதிகமாக இருந்தால் குளிர், குறைந்தால் சூடு. முள் பக்கத்திலிருந்து பேட்டரி கரண்ட் இதில் கலந்தால் வோல்ட் மேலேயே நிற்கும், என்ஜின் கொதித்தாலும் ஈசிஎம்முக்கு அது மார்கழி விடியற்காலை. அதனால் ஐடிலிங்கை இறக்காது, பெட்ரோலையும் அள்ளி ஊற்றும். முள்ளுக்கோ அந்த சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் மிக அதிகம், அதனால் அது அசையாது. இரண்டு பேரும் பட்டினி.

கப்ளரைக் கழற்றி சென்சாரை மட்டும் ஓம் மீட்டரில் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது, 20 டிகிரி அளவில், இரண்டரை கிலோ ஓம் பக்கம் வரும், நம் ஊர் வெயிலில் அதைவிடக் குறையும். 80 டிகிரியில் முந்நூறு ஓம் பக்கம். அப்படி வந்தால் சென்சார் நல்லது, வயர்தான் கெட்டது. ஒட்டுப்போட்டதைப் பிரித்துவிட்டு, முள்ளுக்குத் தனி சென்சார் போடுங்கள். அதுவரை மலை ஏறாதீர்கள் சாமி, முள் வேலை செய்யாத வண்டியில் ஹெட் கேஸ்கெட் போவது கண்ணுக்குத் தெரியாது. அந்த வயரில் 12 வோல்ட் நெடுநாள் ஓடினால், ஈசிஎம் போச்சு என்று எல்லோரும் சொல்வது நிஜமாகவே நடந்துவிடும்.

அதைப் பிரித்த பிறகும் ஐடிலிங் இறங்கவில்லை என்றால் வேக்குவம் லீக், இன்டேக்கில் எங்கேயோ வெளிக்காற்று புகுகிறது. கார்புரேட்டரில் மாட்டியிருந்த ஹோஸ்கள் எதையாவது இன்டேக்கில் மூடாமல் விட்டிருக்கிறீர்களா, பிரேக் பூஸ்டர் ஹோஸ் கிளிப் சரியாக இருக்கிறதா, மேனிஃபோல்டு கேஸ்கெட் பழையதா, வரிசையாகப் பாருங்கள். சிக்னலில் நிறுத்தப்போகும்போது மட்டும் அணைகிறது என்றால் ஸ்பீடு சென்சார் வயர் விடுபட்டிருக்கும், உங்கள் பழைய மீட்டர் கேபிளில் ஓடுவது, அதிலிருந்து ஈசிஎம்முக்கு சிக்னல் போகாது.

டீசல்_தாத்தா:

இதற்குத்தான் கார்புரேட்டரோடு விட்டிருக்கலாம் என்பது. நடுக்காட்டில் நின்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஜெட்டை ஊதிவிட்டுக் கிளம்பலாம்.

பழைய_பட்டறை:

ஊதலாம் தாத்தா, ஊதி ஊதித்தான் எனக்குப் பல் போனது. 60 குதிரைக்கும் 80 குதிரைக்கும் வால்பாறை ரோட்டில் என்ன வித்தியாசம் என்று ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

ஆர்சி_புக்கு:

மெக்கானிக் வேலைக்குள் நான் வரவில்லை. பேப்பர் வேலை ஒன்று மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியில் மாற்றம் செய்வது பற்றியது. என்ஜின் மாற்றுவதாக இருந்தால் பதிவு செய்த ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி, ஆர்சியில் புது என்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் ஒரிஜினல் ஸ்பெசிபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நீங்கள் போட்டிருப்பது அதே கம்பெனி, அதே மாடலின் என்ஜின், அதே பெட்ரோல், அதனால் டீசல் என்ஜின் ஏற்றிய ஆட்களைப் போலத் தலைவலி இருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்காமல் விட வேண்டாம். என்ஜின் வாங்கிய பில், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகல் இருக்கிறதா?

மலைநாட்டான்:

யார் சார் பேனட்டைத் திறந்து நம்பர் பார்க்கப்போகிறார்கள்.

ஆர்சி_புக்கு:

1998 வண்டி. 15 வருஷம் முடிந்து ஐந்து ஐந்து வருஷமாக ஆர்சி புதுப்பிக்கிற வண்டி. ஒவ்வொரு முறையும் இன்ஸ்பெக்டர் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பார்ப்பார். அதை விடுங்கள், ஒரு விபத்து என்றால் இன்ஸ்யூரன்ஸ் சர்வேயர் திறக்கிற முதல் இடமே பேனட்தான். பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் அப்புறம் மிஸ்ஸிங் எல்லாம் ஒரு கவலையாகவே இருக்காது.

ஆழியாறு_ஜிப்ஸி:

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

பல்பு டெஸ்ட்: செல்ஃப் அடித்ததும் பல்பு செத்தது. வைப்பர் லைனில்தான் மாட்டியிருந்தது. சாவி கப்ளரில் சரியான வயரைத் தேடி மெயின் ரிலேக்கு மாற்றினோம், இப்போது அரைச் சுற்றில் பிடிக்கிறது, அம்மாவே வந்து “என்னடா அதுக்குள்ள ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்று கேட்டார். எர்த் 0.8 வோல்ட் காட்டியது, புதுக் கேபிள் போட்டதும் 0.1க்கு வந்துவிட்டது.

கொங்கு வயர் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். டேப்பைப் பிரித்தால் மஞ்சளும் பச்சையும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன. முள்ளுக்கான சென்சார் இருந்த ஓட்டையில் போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள். புதிது வாங்கி மாட்டியதும் முள் நடுவில் வந்து நிற்கிறது, ஐடிலிங் 850. ஈசிஎம் தப்பித்தது.

கேஜ் விஷயம் பட்டறை அண்ணன் சொன்னபடியே. ஐடிலிங்கில் 2.3, பொள்ளாச்சி ரோட்டில் மிதித்தால் 2.8. ஹோஸ் கிளாம்ப் எல்லாம் மாற்றிவிட்டு, மாமாவை ஓட்டச் சொல்லி நான் கேஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வளைவு வரை 2.8, அப்புறம் முள் நடுங்க ஆரம்பித்தது, நான்காவதில் 1.2. பம்பைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. பம்ப் கரண்டும் நேராக சாவியில்தான் இருந்தது, அதையும் ரிலேக்கு மாற்றியாயிற்று.

இப்போது கேள்வி. பம்பை மட்டும் டேங்குக்குக் கீழே இறக்கினால் போதுமா, இல்லை எம்பிஎஃப்ஐ டேங்கே வேண்டுமா? சர்ஜ் டேங்க் என்றும் ஒருவர் சொல்கிறார். மேட்டுப்பாளையத்தில் ஒரு எம்பிஎஃப்ஐ டேங்க் பம்போடு இருக்கிறதாம்.

காட்டுப்பாதை:

பம்பை இறக்கினால் சூட்டுத் தொந்தரவு போகும். பாதி டேங்கில் வளைவில் காற்று இழுப்பது போகாது. பாதி தீர்வு.

சர்ஜ் டேங்க் என்றால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பிடிக்கும் சின்ன டப்பா. டேங்கிலிருந்து ஒரு லோ பிரஷர் பம்ப் இதை நிரப்பிக்கொண்டே இருக்கும், இதன் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் என்ஜினுக்குத் தள்ளும், என்ஜின் ரிட்டர்ன் இதற்கே திரும்பி வரும், மிஞ்சியது மேலே உள்ள பைப் வழியாக டேங்குக்குப் போகும். பெரிய டேங்கில் இரண்டு நொடி காற்று வந்தாலும் டப்பாவில் இருப்பது காப்பாற்றும். ரேஸ் ஆட்கள் செய்வது. நல்ல அமைப்புதான், ஆனால் இரண்டு பம்ப், இரண்டு ரிலே, ஆறேழு ஹோஸ் ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டும் பெட்ரோல் கசிய ஒரு இடம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் போக மாட்டேன்.

பழைய_பட்டறை:

மேட்டுப்பாளையம் போய் டேங்கை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். உங்கள் வண்டியின் அதே குடும்பத்து டேங்க், கம்பெனிக்காரனே கணக்குப் போட்டுச் செய்தது, அதை விட்டுவிட்டு ஏன் நாம் டப்பா தட்ட வேண்டும்.

வாங்கும்போது பம்ப் யூனிட்டைக் கழற்றி, டார்ச்சை மேலே பிடித்து உள்ளே பாருங்கள். டார்ச் மட்டும், செல்போன் வெளிச்சமோ தீப்பெட்டியோ வேண்டாம். அடியில் துரு இருந்தால் விலையைக் குறைக்காதீர்கள், விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தத் துருத் தூள் இன்ஜெக்டரை அடைக்கும். ஓட்டை இருக்கிறது, வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அந்தக் கடையிலேயே நிற்காதீர்கள், காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கை விட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. பம்பின் அடியில் இருக்கும் துணி பில்டர் கறுத்திருந்தால் புதிது மாற்றுங்கள், விலை பெரிதில்லை. டேங்கிலிருந்து என்ஜின் வரைக்கும் போகும் இரும்புப் பைப்பும் எம்பிஎஃப்ஐ வண்டியுடையதே கிடைத்தால் சேர்த்து எடுத்துவிடுங்கள், ரிட்டர்ன் பைப்பும். உங்கள் பழைய ரிட்டர்ன் கார்புரேட்டரிலிருந்து சொட்டுவதைத் திருப்பி அனுப்ப வைத்தது, மிக ஒல்லி. அதில் அடைப்பு இருந்தால் பிரஷர் தேவைக்கு மேல் ஏறி பிளக் கறுக்கும்.

கொங்கு_வயர்:

டேங்க் மாற்றும்போது பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். புது டேங்கின் ஃப்ளோட்டும் உங்கள் பழைய மீட்டரும் ஒரே ரெசிஸ்டன்ஸ் கணக்கில் இல்லாமல் இருக்கலாம். மாட்டும் முன்பே ஃப்ளோட்டைக் கையால் மேலே கீழே ஆட்டி ஓம் மீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஃப்ளோட்டையும் அதேபோல. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மீட்டரையே எம்பிஎஃப்ஐ வண்டியுடையதாகப் போட்டுவிடலாம், ஸ்பீடு சென்சார் தொந்தரவும் அதோடு தீரும்.

ஆழியாறு_ஜிப்ஸி:

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். டேங்கோடு மீட்டரும் இருக்கிறதா என்று போனில் கேட்டேன், “எல்லாம் இருக்கு, வாங்க” என்கிறார்கள், போனால்தான் தெரியும். என்ஜின் வாங்கிய பில் இருக்கிறது, அந்த வண்டியின் ஆர்சி நகலையும் உக்கடத்துக் கடையில் கேட்டு வாங்கிவிட்டேன், ஆர்டிஓ ஆபீசுக்குத் திங்கட்கிழமை.

பட்டறை அண்ணா, பம்ப் யூனிட் கழற்றிய பிறகு அந்த வட்ட கேஸ்கெட்டைத் திரும்பப் போடலாமா, புதிது வேண்டுமா?

பழைய_பட்டறை:

புதிது. பழையது மறுபடி உட்காராது, டேங்க் நிரப்பியதும் வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வரும். ஷெல்லாக் எல்லாம் தடவாதீர்கள்.